இரும்பில்லாத இயந்திரம்

அன்புள்ள உங்களுக்கு,

வீட்டில் நாங்கள் இருவரும் நலம். சின்னவளுக்கு முன்பல் ஆடுகிறது. அதை யாரும் தொடக்கூடாது என்று அவள் உத்தரவு.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜன்னலில்லாத கூடத்தில், கான்கிரீட் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஜெனரேட்டர் சுழல்கிறது. முழு வேகத்தில் தரை மெல்ல முனகும்; கண்ணை மூடினால் கப்பலில் போவது போலிருக்கும். சேர்த்ததையெல்லாம் ஒரே துடிப்பில் கொட்டிவிட்டு ஓய்கிற இயந்திரம். தன் காந்தத்தைத் தானே வளர்த்துக்கொள்ளும். ஆனால் முதல் மின்னோட்டம் வெளியிலிருந்து வர வேண்டும். மின்சாரத்தைச் சேர்த்து வைத்து அதைத் தரும் கெப்பாசிட்டர் பெட்டிதான் என் பொறுப்பு.

சாதாரண ஜெனரேட்டரில் இரும்பு உண்டு. நின்ற பிறகும் அதில் பழைய காந்தம் துளி மிச்சமிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடும். எடை குறைய வேண்டும் என்று இதில் இரும்பையே எடுத்துவிட்டோம். நேற்று ஓடியது இதற்கு இன்று ஞாபகமிருக்காது.

தராசு என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் தலைவர், என் பெட்டியையும் பாதியாக்கச் சொன்னார். ‘லேசா தொட்டு விட்டாப் போதும்மா, மீதியை அதுவே பாத்துக்கும்’ என்றார். பாதிப் பெட்டியை வைத்துப் பார்த்தோம்; திரையில் மின்னோட்டத்தின் கோடு தலைதூக்கியது. கம்பிச்சுருளின் சூட்டிலேயே கரைந்து படுத்துவிட்டது. திரும்பத் திரும்ப அப்படியே. கடைசியில், ‘சரி, உன் குண்டுப் பெட்டியையே கொண்டா’ என்றார். நேற்று முழுப் பெட்டியை வைத்தோம். கோடு தயங்கி எழுந்தது, பிறகு நிற்கவேயில்லை. எல்லாம் முடிந்து தரையின் முனகல் அடங்கியபோது கூடம் மழை விட்ட தெரு மாதிரி இருந்தது.

நம் ரத்தம், தானாக ஒட்டிக்கொள்வாள் என்று எழுதியிருந்தீர்கள். போன ஞாயிறு நீங்கள் கூப்பிட்டபோது, அப்பா என்று சொல்லி நான் கொடுத்த போனை அவள் என்னிடமே நீட்டி, ‘அந்த மாமா ஒண்ணுமே பேசமாட்டேங்கறாரும்மா’ என்றாள். அப்போது உங்களிடம் சொல்ல மனம் வரவில்லை.

விடுமுறையை இரண்டு நாளாகச் சுருக்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். மாதம் முழுவதற்கும் விடுமுறை கேளுங்கள். முதலில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிவாள். அதைப் பார்த்துப் பெட்டியைக் கட்டிவிடாதீர்கள்.

பல் விழுவதற்குள் வாருங்கள். தொட்டுப் பார்க்கலாமா என்று நீங்களே அவளைக் கேளுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
சின்னவளின் அம்மா