தாய்மாமன் வந்து அழைத்தால்

இலுப்பூர்
வியாழக்கிழமை

அன்பு மகள் வனிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. காப்பக டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? தூக்கத்தில் அலறுவது குறைந்திருக்கிறது என்று உன் கேஸைப் பார்க்கும் பிளெஸ்ஸி மேடம் சொன்னார்.

கறுப்பி கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. போன் இப்போது அப்பா சட்டைப்பையிலேயே கிடக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். நாளை புதுக்கோட்டை போய் மேடம் கையிலேயே கொடுப்பேன்.

உன்னை வீட்டுக்கு அனுப்பலாமா என்று விசாரிக்க மேடம் செவ்வாய்க்கிழமை வந்திருந்தார். நல்லது கெட்டது எதற்கும் நம்மில் தாய்மாமன்தானே முன்னால் நிற்க வேண்டும்? அப்பா என் தம்பி குணசேகரனுக்குத்தான் முதலில் சொல்லி அனுப்பினார். நானும் அவனுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். எம் மருமகளை நாந்தான் போய்க் கூட்டியாருவேன், கேசு கீசுன்னு இனிமே அலைய வேணாங்க என்று எல்லாவற்றையும் அவனே பேசினான். அப்பா தலையை ஆட்டினார்.

மில் வேலை என்று சொல்லி, வீட்டுக்குத் தெரியாமல் உன்னைப் பெங்களூருக்கு பஸ் ஏற்றி விற்றுவிட்டது யார் என்று மேடம் கேட்டார். குடித்துக்கொண்டிருந்த காப்பியை அவன் பாதியில் கீழே வைத்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. போனில் பேசும்போதெல்லாம் மாமா பக்கத்தில் இருக்கிறாரா என்றுதானே முதலில் கேட்பாய். பாசத்தில் கேட்கிறாய் என்று நான் போனை அவன் கையிலேயே கொடுப்பேன். நீ உடனே வைத்துவிடுவாய். பாவி எனக்கு விளங்கவில்லையே.

உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டவன் அவன். நீ வீறிட்டபோது அவனும் கண் கலங்கினான்.

மேடம் கிளம்பியதும் மாட்டைப் பிடித்துக் கட்டுவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். என் பிள்ளையை இப்போது அனுப்பாதீர்கள் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அந்தப் பெயரை மட்டும் நீ இன்னும் வாய் திறந்து சொல்லவில்லையாம். நீ சொன்னால் வக்கீலை அரசாங்கமே வைக்குமாம். கோர்ட்டில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, வேறு அறையிலிருந்து டிவி வழியாகச் சொல்லலாமாம். காப்பகத்திலிருந்தே பன்னிரண்டாவது பரீட்சையும் எழுதலாம் என்றார்.

அம்மா அவன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறாளே என்றுதான் நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தெரியும். என்னை நான் பார்த்துக்கொள்வேன். பெயரைச் சொல்லிவிடு, என் கண்ணு.

அவன் பூவும் பலகாரமும் வாங்கிக்கொண்டு வருவான். கூட உன் அப்பாவே வந்து நின்றாலும் கிளம்பாதே. அப்பாவிடம் நான் சொல்லிப் பார்க்கிறேன், ஆனால் மச்சான் சொல்தான் அவருக்கு வேதவாக்கு. பெற்றவளே உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று உன்னிடம் சொல்வார்கள். சொல்லட்டும். உன் பாயைத் தினமும் உதறி மடித்து வைப்பது அவர்களுக்குத் தெரியாது.

மாரியாத்தா உன்னை அங்கேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

உன்னை வராதே என்று சொல்லும்
அம்மா செவந்தி