புத்தாண்டு வாத்துகள்

அச்சகத்தின் பழைய அலமாரியை இன்று காலை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு குறுந்தகடு கையில் வந்தது. அதன்மேல் நீல மையில் ‘ரீடர் – முதலில் இதை ஏற்றவும்’ என்று எழுதியிருந்தது. காலண்டர் அச்சடிக்கக் கொடுத்த மதுரைக்காரர் ஒருவர் ஆர்டரோடு அனுப்பியது. அதை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சிவகாசியில் அப்போது சீசன் உச்சத்தில் இருந்தது. நான் கணினியில் பக்கம் அமைப்பேன், நீ பக்கத்து மேசையில் பிழை திருத்துவாய். இருவருக்கும் ஒரே வயது. மதியச் சோற்றைப் பிரித்துத்தான் சாப்பிடுவோம்.

“அவுக அனுப்புன ஃபைலு இந்த ரீடர்லதான் சரியாத் தெரியுமாம். இத ஏத்திட்டு, நம்ம புரூஃபோட ஒருதரம் ஒத்துப் பாத்துருலே” என்றாய்.

தகட்டைப் போட்டேன். பாதி ஏறியதும், கணினியை அணைத்துத் திரும்பப் போடச் சொன்னது. அந்தக் கிழட்டுக் கணினி மறுபடி உயிர்பெறக் கால் மணி நேரம் ஆகும். பொறுமை இல்லை எனக்கு. நிறுத்திவிட்டு, வழக்கமான மென்பொருளிலேயே திறந்து புரூஃப் எடுத்தேன்.

“ஒத்துப் பாத்துட்டியாலே?”

“பாத்துட்டேன்.”

அச்சுக்குப் பிளேட் போடுகிறவர் தலைமேல் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். என் வார்த்தையை நம்பி, படிக்காமலே கையெழுத்துப் போட்டாய்.

மதுரைக்காரர் வைத்திருந்த எழுத்துரு நம் கணினியில் இல்லை. அதனால் ஒரே ஓர் எழுத்து உதிர்ந்திருந்தது. புத்தாண்டு வாழ்த்துகள், புத்தாண்டு வாத்துகளாகி, கட்டுக்கட்டாக மதுரைக்குப் போய்ச் சேர்ந்தன. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். லோடு அப்படியே திரும்பி வந்தது.

முதலாளி புரூஃபை நீட்டி, “இது யாரு கையெழுத்து?” என்றார்.

“என்னுதுதான். பாக்காமப் போட்டுட்டேன்” என்றாய். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றே உன்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

மறுநாள் உன் பையை எடுக்க வந்த நீ, என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் அமர்ந்தாய். தகட்டைப் போட்டு, ரீடரை முழுசாக ஏற்றினாய். கணினி திரும்ப எழும்வரை காத்திருந்தாய். பிறகு அந்த ஃபைலைத் திறந்தாய். ‘ழ்’ அதன் இடத்தில் இருந்தது.

“இனிமே இதுலயே தொறந்து பாரு” என்றாய். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

சூலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நீ வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். உன் ஊரான ஆனைக்குட்டத்துக்குப் போகும் பேருந்தைக் காணும்போதெல்லாம் உன் வீட்டுக்கு ஒரு நடை போய்வர வேண்டும் என்று நினைப்பேன். ஏறியதில்லை. போன மாதம் நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்ற சேதி வந்த பிறகுதான் ஏறினேன்.

உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒத்துப் பார்க்காதது நான், பொய் சொன்னது நான் என்று. அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அது எனக்குத் தெரியும்ண்ணே. அவுக அப்பவே சொல்லிட்டாக. அவசரத்துல யாருக்கும் வர்றதுதான்னு விட்டுட்டாக. ‘அதுக்காக அவன் ஏன் இங்கன எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கான்’னுதான் கேட்டுக்கிட்டே இருப்பாக.”

வெட்கமாக இருந்தது, அதனால்தான் வரவில்லை என்று இப்போது உனக்கு எழுதுகிறேன். அதை உன் வாசலில் நின்று சொல்ல எனக்கு இருபது வருடங்கள் இருந்தன.