கார்க் கூரைக்குள் கம்பளி

ஐத் தமான்,
வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பின்.

என் அன்பான அம்மாவுக்கு,

உன் மகள் தூதா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் தம்பி அஸ்ஸூவும் நலம். நீ கூலிக்கு ஸ்ட்ராபெரி பறிக்கும் கூடாரங்களுக்குள் உன் முதுகு வலி எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் இன்னும் நலமாக இருப்போம். நீ பள்ளிவாசல் வகுப்பில் கற்ற எழுத்து மறந்திருக்காது என்று நம்பி, பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். அவசரமில்லாமல் தனியாக உட்கார்ந்து படி. தொலைபேசியில் பேசினால் அப்பாவும் அஸ்ஸூவும் என் தோள் மேல் ஏறி நிற்கிறார்கள், எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது.

முதலில் என் கண்ணில் பட்டது மில்காரர் ஹம்மூ மாமாவின் தோளில் இருந்த தூள். போன வெள்ளிக்கிழமை அவர் நம் காரிலிருந்து இறங்கியபோது பார்த்தேன். அவர் உடம்பில் எப்போதும் மாவு இருக்கும், அதனால் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் மாவு வெள்ளை. இது மஞ்சள்.

அவர் ஏன் நம் காரில் ஏறினார் என்று சொல்கிறேன். நம் ஊரிலிருந்து ஐந்து பெண் பிள்ளைகள் செப்டம்பரில் நடுநிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். ஒன்பது கிலோமீட்டர், உனக்குத் தெரியும். பெற்றோர் சங்கத்தார் ஒரு வண்டி தேடினார்கள். மூன்று வரிசை இருக்கை உள்ள கார் நம்மிடம்தான் இருக்கிறது. அதனால் அப்பாவிடம் வந்தார்கள். அன்று காலையில் அப்பா முகம் மழித்துக்கொண்டே என்னிடம் சொன்னார், “தூதா, இந்த வேலை மட்டும் கிடைச்சுதுன்னா அடுத்த வருஷம் உங்கம்மா ஸ்ட்ராபெரி பறிக்க அந்த பஸ் ஏற வேண்டாம்.” கன்னத்தில் சோப்பு நுரையோடு சொன்னார். ஆனாலும் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கார் முப்பது வருடப் பழசு. உள்கூரைத் துணி இரண்டு வருடமாகவே தொங்குகிறது, நீயும் குண்டூசி குத்தி வைத்திருந்தாய். உள்ளே துணிக்கும் பலகைக்கும் நடுவே இருந்த ஸ்பாஞ்சு வெயிலில் காய்ந்து ரவையாக உதிர்ந்துவிட்டது. ஹம்மூ மாமா உயரமானவர். அவர் தலை துணியில் இடித்ததும் ஒரு குண்டூசி கழன்று, ரவையெல்லாம் அவர் மேல் கொட்டிவிட்டது. நான் யாரிடமும் சொல்லாமல் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அஸ்ஸூதான் கத்தினான், “மாமா மேல கூஸ்கூஸ் கொட்டிருச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். ஹம்மூ மாமாவும் சிரித்தார், பிறகு தோளைத் தட்டிவிட்டு அப்பாவிடம் சொன்னார், “ஏம்ப்பா பாஸு, எம் பொண்ணு பாடம் படிக்கப் போறாளா, இல்ல தலையில சுமை தூக்கப் போறாளா? அடுத்த வியாழக்கிழமை வர்றோம். அதுக்குள்ள கூரைய நிமிர்த்து. இல்லன்னா டவுன்ல இருக்கற வேன்காரன்கிட்ட பேசிருவோம்.”

அப்பாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் வேலையில் இறங்கினார். விளக்கு, கைப்பிடிகள், வெயில் மறைப்புகள், ஓரத்துப் பட்டைகள் எல்லாம் கழற்றி என் மடியில் போட்டார். திருகாணிகளை நான் முட்டை வைக்கும் அட்டையில், ஒவ்வொரு குழியிலும் எந்த இடத்துத் திருகாணி என்று எழுதி வைத்தேன். கூரைப் பலகையைப் பின்கதவு வழியாக உருவி எடுத்து மாடியில் வைத்தோம். பழைய துணி கையோடு வந்துவிட்டது. கம்பளம் தேய்க்கும் பிரஷ்ஷால் மிச்ச ஸ்பாஞ்சைத் தேய்த்தெடுத்தேன். அஸ்ஸூ மஞ்சளில் புரட்டின கோழியாக இருந்தான். இரண்டு தடவை குளிப்பாட்டினேன், காதுக்குள் இன்னும் இருக்கிறது.

அம்மா, இனி வருவதைக் கோபப்படாமல் படி. அப்பா பலகையைப் பார்த்துச் சொன்னார், “கூடத்து மெத்தையில பஞ்சு போச்சுன்னா நாம என்ன பண்ணுவோம்? கம்பளி வைப்போம். காருக்கு மட்டும் தனிச் சட்டமா?” எனக்கும் அது சரியென்றே பட்டது. பெருநாள் ஆட்டுக் கம்பளியை நீ ஆற்றில் அலசி, காயவைத்து, விருந்தாளிக் கூடத்து மெத்தைக்கென்று மூட்டை கட்டி வைத்திருந்தாயே, அதை அவிழ்த்தோம். நான் நன்றாகத்தான் தைத்தேன். இரண்டு துணிகளுக்கு நடுவே கம்பளியைப் பரப்பி, ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு போட்டு, நீ காட்டியபடியே. மெத்தையாக இருந்திருந்தால் நீ மெச்சியிருப்பாய்.

காரில் மாட்டினோம். பார்க்க மிக அழகாக, கொழுகொழுவென்று இருந்தது. அப்பா ஏறி உட்கார்ந்தார். கழுத்தை நேராக வைக்க இடமில்லை. முட்டையிடப் போகும் கோழி மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு, “வசதியா இருக்கு” என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை கிழக்குக் காற்று, அடுப்பு மாதிரி வெயில். மதியம் காரைத் திறந்தால், அல்லாஹ்வே, பட்டியைத் திறந்த மாதிரி வாசம். எவ்வளவு அலசினாலும் ஆடு ஆடுதான் போலிருக்கிறது. அஸ்ஸூ பின்சீட்டில் உட்கார்ந்து ‘மே’ என்று கத்த, தெருப் பிள்ளைகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஹம்மூ மாமா கழுதையோடு வந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். “என்னப்பா பாஸு, பெருநாளுக்கு இன்னும் நாள் கிடக்கே, அதுக்குள்ள ஆட்ட கார்ல கட்டிட்டியா?”

அப்பா, “இது மெத்தை வச்ச கார். உன் கழுதைக்கு இந்தக் குடுப்பினை உண்டா?” என்றார். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பாரம் தாங்காமல் கம்பளி அதற்குள் நடுவில் தொங்க ஆரம்பித்திருந்தது. மெத்தை கீழே கிடப்பது, கூரை மேலே நிற்பது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குத் தேவை கனமில்லாதது. இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. சொன்னதும் அவர் திரும்பிப் பார்த்து, “அப்ப நாளைக்கு டவுனுக்கு நீயும் வா” என்றார்.

செவ்வாய்க்கிழமை டவுனில் கார் சீட்டு தைக்கும் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனோம். அப்பா நிறுத்தக்கூடாத இடத்தில் காரை நிறுத்தியிருந்ததால் என்னைக் கடைக்குள் அனுப்பிவிட்டு வண்டியிலேயே இருந்துகொண்டார். நான் பழைய துணியில் ஒரு துண்டைக் கடைக்காரர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “துணி பேசாது தங்கச்சி, நீ பேசு” என்றார். முகமெல்லாம் சூடாகிவிட்டது, அம்மா. ஆனாலும் சொன்னேன். பின்னால் மெல்லிய ஸ்பாஞ்சு ஒட்டிய துணி வேண்டும், ஒட்டுப்பசை வேண்டும், வியாழக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்று. ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பசையைப் பலகையிலும் துணியிலும் இரண்டிலும் தடவ வேண்டும், விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுக்க வேண்டும், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும் என்று அவராகவே சொன்னார். சாம்பல் நிறம் தீர்ந்துவிட்டதாம். வெளுத்த மஞ்சளும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல், மோர் நிறத்தில் ஒன்று இருந்தது. அதை வாங்கினேன். அப்பா பார்த்துவிட்டு, “கல்யாண வண்டின்னு நெனச்சு எவனாவது கை காட்டப்போறான்” என்றார்.

புதன்கிழமை காலையில், மாடியில் வெயில் ஏறும் முன்பே ஒட்டினேன். அப்பாவைப் பசை தடவ மட்டும் விட்டேன். துணியைப் பாதியாக மடித்து, ஒரு பாதியை முதலில் ஒட்டி, பிறகு மறுபாதி. மஸம்மன் ரொட்டி மாவை உள்ளங்கையால் விரிப்போமே, அதே கைதான், எண்ணெய் மட்டும் இல்லை. பசை வாசத்தில் தலை சுற்றியது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு சுருக்கம் விழுந்துவிட்டது. பிரித்தால் துணி கிழிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அப்பா, “அது எனக்கு மேலதானே இருக்கு, இருக்கட்டும். மத்தவங்களுக்கு எல்லாம் சுருக்கமில்லாத கூரை” என்றார்.

பலகையைத் திரும்பக் காருக்குள் ஏற்றுவதுதான் பெரும்பாடு. பக்கத்து வீட்டு இத்தோ அத்தை வந்து, கை கொடுக்காமல் வாயைக் கொடுத்தாள். “வளைக்காதடா பாஸு, உடைஞ்சுரும்! இந்தப் பக்கம்! என் பக்கம் இல்ல, உன் பக்கம்!” பலகையைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் குமிழ்களில் இரண்டு உடைந்துவிட்டன. அதற்குப் பதில் கூடத்துத் திண்டுகளுக்கு நாம் போடும் பொத்தான் மாதிரி, அதே துணியால் போர்த்தி இரண்டு செய்து தைத்துவிட்டேன். இப்போது பார்த்தால் அது வேண்டுமென்றே வைத்த அழகு போலிருக்கிறது.

கம்பளியைப் பிரித்து, மறுபடி அலசி, மாடியில் காயப்போட்டிருக்கிறேன். ஒரு பிடிகூடக் குறையவில்லை. முடிச்சுகளில் சிக்கிய கொஞ்சத்தைத் தவிர.

நேற்று வியாழக்கிழமை. ஹம்மூ மாமா வேண்டுமென்றே கறுப்பு ஜிலாபா அங்கி போட்டுக்கொண்டு வந்தார். கூட மற்ற நான்கு அப்பாக்களும், சங்கத்துச் செயலாளரான ஹூரிய்யா டீச்சரும். மாமா முன்சீட்டில் ஏறிக் கூரையைக் கையால் குத்தினார். தலையால் முட்டினார். பிறகு ஊற்றுவரை கல் ரோட்டில் இரண்டு முறை போய் வரச் சொன்னார். நான் ரொட்டி அடுப்புக்குப் பின்னால் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து இறங்கினார். எல்லோரும் அவர் தோளைச் சுற்றி வந்து பார்த்தார்கள், ஆட்டுச் சந்தையில் பார்ப்பது மாதிரி.

“ஒண்ணும் விழல. வாசமும் இல்ல” என்றார் மாமா. குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. “செப்டம்பர்ல இருந்து நீதான்ப்பா. காலையில ஏழு மணிக்கு. தூங்கிறாத.”

இத்தோ அத்தை குலவையிட்டாள், அஸ்ஸூ இன்னொரு தடவை ‘மே’ என்றான்.

ஹூரிய்யா டீச்சர் பொத்தான்களைத் தொட்டுப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். அப்பா, “நம்ம தூதாதான்” என்றார். டீச்சர் அடுப்புக்குப் பின்னால் வந்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார். பள்ளியை விட்டு ஒரு வருடம்தானே ஆகிறது, இந்த மாதிரி பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள், ஜூன் கடைசிக்குள் வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். நான், அஸ்ஸூவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அம்மா ஊரில் இல்லை என்றேன். டீச்சர் காருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்து, “அஞ்சு பேர் போக ஒரு இடம் மிச்சமிருக்கு போல” என்று மட்டும் சொன்னார்.

அம்மா, அறுவடை முடியும்போது முதலாளி அடுத்த வருடத்துக்கு யார் யார் வருகிறீர்கள் என்று கேட்பாராம். இத்தோ அத்தையின் மகன் சொன்னார், அவர் கையில்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். முதலாளி கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதே. அப்பாவின் வேலை உறுதி என்பதை நினைத்துக்கொள். அஸ்ஸூவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, உன்னிடம் காட்டவென்று காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறான். இதற்கு மேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே பார்த்து ஒரு முடிவு எடு. உன் முடிவு எதுவானாலும் உன் கையை முத்தமிட்டு ஏற்றுக்கொள்வேன்.

ஒன்று மட்டும் மறைக்கக்கூடாது. டீச்சர் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கார் மூக்கின் மேல் விரித்து வைத்துவிட்டு, எல்லோரோடும் தேநீருக்கு உள்ளே போனார். காகிதம் பறக்காமலிருக்கப் பேனாவை அதன் மேல் வைத்திருந்தார். ஐந்து பெயர்கள். நான் அடுப்புக்குப் பின்னாலிருந்து வந்து, ஆறாவதாக என் பெயரை எழுதினேன்.

அல்லாஹ் உன்னை நலமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் மகள்,
தூதா