தெரியாது என்று எழுதிய ஐயாவுக்கு

என் அன்பான திராட்சைத் தோட்டத்து ஐயா,

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் உங்கள் பேரன்மாரும் இருப்பார்கள், அவர்களுக்குக்கூட வேண்டாம். உடனே ஓரத்தில் "அம்மப்பா சொன்னது பிழை" என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். என் வீட்டில் யாரும் பார்த்தால் அதைவிட மோசம். அதனால்தான் உங்கள் பெயரையும் எழுதவில்லை. நீங்கள் இறந்து தொள்ளாயிரம் வருடம் ஆகப்போகிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், யார் இந்தப் பெடியன் என்று அப்பா கேட்டுவிடுவார்.

நான் உங்களுக்கு யாருமில்லை. நீங்கள் பிரெஞ்சு நாட்டு யூதர், திராட்சைத் தோட்டம் வைத்துப் பிழைத்துக்கொண்டே உங்கள் வேதத்துக்கு உரை எழுதியவர். நான் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை. எண்பத்து மூன்றில் கலவரத்தோடு இங்கே வந்தோம். வேறு மதத்துப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதிவரும்படி வகுப்பில் சொன்னார்கள். உங்களை எடுக்கும்படி சொன்னவள் என் சிநேகிதி நேயோமி. நீங்கள் இல்லாமல் தங்களுக்கு ஒரு வரிகூட விளங்காது என்று சொல்லி, இல்ஃபோர்ட்டில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவளுடைய அப்பா மேசையில் ஒரு பெரிய புத்தகத்தை விரித்தார். நடுவில் பழைய நூல். ஒரு பக்கம் நீங்கள். மற்றப் பக்கம் உங்களோடு வாதாடும் பேரன்மாரும் அவர்களுடைய கூட்டாளிகளும். எங்கே அச்சடித்தாலும் அந்தப் பக்கம் அப்படித்தான் இருக்குமாம். உங்களோடு சண்டை பிடிப்பதற்கும் முதலில் உங்களைப் படிக்கத்தானே வேண்டும்? உங்களுக்கு ஆண்பிள்ளைகள் இல்லை, மகள்மார்தான் என்று அவர் சொன்னபோது, தன் அப்பாவுக்கும் அதே கதிதான் என்று நேயோமி பரிதாபமாக முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் அவளுடைய தலையில் செல்லமாகத் தட்டி, அடுத்த வரியை வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். உங்கள் மகள்மாரும் இப்படித்தான் வாசித்தார்களா?

கடினமான ஒரு சொல் வந்தால், உங்கள் தெருவில் சனங்கள் பேசிய பிரெஞ்சுச் சொல்லை எபிரேய எழுத்தில் எழுதிவிடுவீர்களாம். சமையலுக்கும் தையலுக்கும் தோட்ட வேலைக்கும் தெருவில் என்ன சொல்வார்களோ, அதையேதான். நாங்கள் கவுன்சில், ஷிப்ட் என்று கலந்து பேசினால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏச்சு விழும். நீங்கள் எழுதிவைத்த சொற்களைக்கொண்டு இன்றைக்குப் பிரெஞ்சுக்காரரே தங்கள் பழைய மொழியை ஆராய்கிறார்களாம். படிக்கிறவனுக்கு விளங்கவேண்டும், அவ்வளவுதான் உங்கள் எண்ணம். கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட நீங்கள் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

பிறகு அவர் இன்னொரு புத்தகத்தை எடுத்தார். அதில் ஒரு வரி, இன்ன பெண் இன்ன பிள்ளைகளின் தாய் என்கிறது. அது முன்னமே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதை ஏன் திரும்பச் சொல்லவேண்டும்? நீங்கள் பேசாமல் அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். நீங்களோ அங்கே நின்று, இது என்ன சொல்லித்தருகிறது என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதினீர்கள். அந்த இடத்தில் விரலை வைத்தபோது நேயோமியின் அப்பாவுக்கு முகமெல்லாம் பெருமை.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை, ஐயா. கடிதம் வந்தாலும், மீட்டர் பார்க்க ஆள் வந்தாலும், டொக்டரிடம் போனாலும் நான்தான் இங்கிலீஷ். ஒரு சொல் தெரியாது என்றால் அப்பாவின் முகம் விழுந்துவிடும். "இத்தனை வருஷமா இஞ்சை பள்ளிக்கூடம் போறாய், தெரியாதோ?" என்பார்.

இன்றைக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அம்மாவின் மார்பில் ஒரு கட்டி. அம்மா இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்த நேரத்தில் டொக்டர் என்னைக்கொண்டு அப்பாவிடம் பேசினார். முதலில் கட்டியை வெட்டிப் பார்ப்பார்களாம். அது கூடாத கட்டி, புற்றுநோய் என்றால், அம்மா மயக்கத்தில் இருக்கும்போதே அந்த மார்பை முழுதாக எடுக்கவேண்டி வருமாம். நாளைக்கு இதை அம்மாவிடம் விளக்கிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன் என்றார். விளக்கப்போவது அவர். தமிழில் சொல்லப்போவது நான்.

பஸ் நிறுத்தத்தில் அம்மா கொஞ்சம் தள்ளி நின்றார். அப்பா குனிந்து என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"சின்னக் கட்டி, எடுத்துப்போட்டு விடுவினம் எண்டு மட்டும் சொல்லு. மற்றக் கதை வேண்டாம்."

"டொக்டர் எல்லாத்தையும் சொல்லச் சொன்னவர், அப்பா."

"டொக்டருக்குத் தமிழ் தெரியுமே? பிள்ளை, உன்ரை கொம்மாவை எனக்குத் தெரியும். கேட்டா எண்டால் மாட்டன் எண்டு வீட்டை வந்திடுவா. பிறகு ஏதும் நடந்தால் என்னாலை ஏலாது."

அப்பா நிமிர்ந்து போய் அம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, ஐயா. அம்மாவை இழக்கப் பயப்படுகிறார். எனக்கும் அதே பயம்தான். நான் எல்லாவற்றையும் சொல்லி, அம்மா கையெழுத்து வைக்காமல் எழும்பி வந்துவிட்டால்? சொல்லாமல் விட்டு, அம்மா கண் விழித்து நெஞ்சைத் தடவிப் பார்த்தால்? அப்போது முதலில் யாருடைய முகத்தைப் பார்ப்பார்?

நேயோமி இன்னொன்றும் சொன்னாள். நீங்கள் இளவயதில் படித்த ஜெர்மன் ஊர்களில், உங்கள் கடைசிக் காலத்தில், சிலுவைப் போருக்குப் புறப்பட்டவர்கள் புகுந்து உங்கள் சனத்தைக் கொன்றார்களாம். அப்படிச் செய்தி வரும் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் நீங்கள் எழுதினீர்கள். வாளுக்குப் பயந்து மதம் மாறித் திரும்பி வந்தவர்களை முகம் கோணாமல் சேர்த்துக்கொள்ளச் சொன்னீர்களாம். பயந்தவர்களை நீங்கள் ஏசவில்லை. அதை நினைத்துத்தான் உங்களுக்கு எழுதத் துணிந்தேன்.

உங்களைப் பற்றிய கட்டுரையை முடித்துவிட்டேன். பிறந்த இடம், எழுதிய நூல்கள், இன்றைக்கும் உங்கள் மதத்துப் பிள்ளைகள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டே வேதத்துக்குள் போகிறார்கள் என்பது, எல்லாம் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் எழுதியது அதில் இல்லை. வரியில் இருப்பதைச் சொல்வது, இல்லாததைச் சேர்க்காதது, தெரியாத இடத்தில் தெரியாது என்பது. இவ்வளவையும் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் செய்தார் என்றால், நான் நாளைக்கு ஒரு காலைப்பொழுது செய்ய ஏலாதா?

ஐயா, சத்தியமாகச் சொல்கிறேன். டொக்டர் சொல்வதை அப்படியே, ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல் அம்மாவிடம் சொல்வேன். மார்பு என்ற சொல்லை அப்பாவுக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கும், ஆனாலும் சொல்வேன். விளங்காத சொல் வந்தால் டொக்டரைத் திரும்பக் கேட்பேன். நான் பிழைப்பேனா என்று அம்மா கேட்டால், தெரியாது அம்மா என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வேன். அப்பா பிறகு என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாரோ

கதவில் தட்டுகிறார்கள். அப்பா என்றால் தட்டமாட்டார், நேரே திறப்பார். அம்மா.

"பிள்ளை, நித்திரையே? டொக்டர் அப்பாட்டை என்ன சொன்னவர்? அவர் ஒண்டும் சொல்லுறாரில்லை. நீ சொல்லு."

நாளைக்கு என்று நினைத்திருந்தேன், ஐயா. உள்ளுக்கு வாங்கோ அம்மா என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மகள்மாரின் கடைசித் தங்கை