ஈஸ்டருக்குப் பிறகும் ஒருசந்தி

தூத்துக்குடி

அன்பு மகளே,

நாடு நாடாகப் போய்ப் பசியை ஆராய்கிறாயே, நீ தயாரித்த கேள்வித்தாள் நேற்று நம் தெருவுக்கும் வந்தது. கொண்டுவந்தவள் ஜெபசுதா என்ற கல்லூரிப் பெண். நான் உன் தாய் என்று அவளிடம் சொல்லவில்லை.

"போன மாசம் வீட்டுல சாமான் இல்லாம ஒருவேளையாவது பட்டினி கெடந்தியளா, பாட்டி?" என்று கேட்டாள்.

"இல்லை. ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி நோன்பு இருந்தேன்" என்றேன்.

பக்கத்து வீட்டு ஹில்டா சிரித்துவிட்டாள். "ஈஸ்டர் முடிஞ்சு ஒன்றரை மாசமாச்சு டீச்சர். ஆண்டவரே உயிர்த்தெழுந்துட்டாரு, நீங்க இன்னுமா ஒருசந்தி? ஏளா, எனக்கு ஆமான்னு போடு. கடலுக்குப் போகத் தடை வந்தா எங்க வீட்ல ராத்திரி கஞ்சித்தண்ணிதான்."

ஹில்டாவை அதட்டி அனுப்பினேன். அவளுக்கு உண்மை சொல்ல முடிந்தது. எனக்கு முடியவில்லை.

உன் தம்பிக்குக் கப்பல் வேலை இல்லாமல் ஏழு மாதமாகிறது. அவனிடம் எதுவும் கேட்காதே.

இதை எழுதவே களைப்பாக இருக்கிறது. ஆனால் முப்பத்தோரு வருடத்தில் எந்தப் பிள்ளையின் தாளிலும் தவறான விடையை நான் விட்டுவைத்ததில்லை. உன் தாளில் நம் வீட்டுக்கு நேரே "இல்லை" என்றிருக்கும். அதை அடித்துவிட்டு "ஆம்" என்று எழுது.

உன் அம்மா