நீர்நாய்ப் படத்தின் இரண்டாவது சீடி

அக்கா,

நேற்று சாயங்காலம் உம்பாய்க் கடற்கரையில், நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த மீன் கடைக்குப் பின்னால், அலை வற்றிக் கடல் உள்வாங்கிய சேற்றில் ஒரு நீர்நாய் வந்தது. கூடவே குட்டிகள். சுட்ட மீன் வாசமும் சேற்று வாசமும் கலந்து வீசிக்கொண்டிருந்த நேரம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு கம்பி வேலிப் பக்கம் போனார்கள். ஒரு மலாய்க்கார அம்மா "மெமெராங், மெமெராங்" என்று சொல்லித் தன் பேரனைத் தூக்கிக் காட்டினார். உன் மகள் மட்டும் எழுந்திருக்கவில்லை. தட்டில் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"போய்ப் பாரு லா, யாழினி" என்றார் மாமா, மகளிடம்.

"பாத்துட்டேன்பா" என்றாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

அவள் பார்த்துவிட்டதாகச் சொன்னது அந்தப் படத்தை. போட்டுக் காட்டியது நான். அதைப் பற்றிப் பேச எனக்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது. மற்ற எல்லாருக்கும் அது ஒரு கார்ட்டூன்.

தோட்டத்து வீட்டை விட்டு நாம் புக்கிட் காத்தில் பக்கம் குடிவந்த புதிதில், அம்மா பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அந்தப் படத்தை வாங்கி வந்தார். உறையில் ஒரு நீர்நாய்க்குட்டி பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு படம் இரண்டு சீடியாக வரும். பாதி முடிந்ததும் எழுந்து போய் மற்றதைப் போட வேண்டும். உறையில் சிரித்த குட்டி படத்துக்குள் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. அணை கட்டியதால் ஆறு வற்றிப் போகிறது. தாயும் குட்டியும் கடலைத் தேடிக் கிளம்புகின்றன. வழி நெடுக நாய்கள், எண்ணெய் படிந்த தண்ணீர், கரையில் அசையாமல் கிடக்கும் மற்ற நீர்நாய்கள். தண்ணீருக்கடியில் யாரோ வைத்த மீன் கூண்டுக்குள் குட்டி மாட்டிக்கொள்கிறது. தாய் உள்ளே புகுந்து குட்டியை வெளியே தள்ளுகிறது. கூண்டின் வாய் மூடிக்கொள்கிறது. குட்டி மேலே வந்து மூச்சு வாங்குவதோடு முதல் சீடி தீர்ந்தது.

நான் அலறியதில் அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தார். பிள்ளைகள் படம் என்று சொல்லி எந்தக் கருமத்தையோ தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே, இரண்டாவது சீடியை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டார். நீ விடவில்லை. அப்போது நீ பள்ளியில் ஆறாம் ஆண்டு. அம்மாவை எதிர்த்துப் பேசும் தைரியம் நம் வீட்டில் உனக்கு மட்டும்தான் இருந்தது.

"பாதியில விட்டாதாம்மா பயம். முழுசாப் பாத்துட்டா போயிடும்."

அம்மா மசியவில்லை. ஆனால் நான் பாலர் பள்ளிக்கும் அம்மா சந்தைக்கும் போயிருந்த, உனக்குப் பள்ளி இல்லாத ஒரு காலையில் நீ நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்து, தனியாக உட்கார்ந்து பார்த்தாய். அன்று எனக்குத் தலை பின்னிக்கொண்டே முடிவைச் சொன்னாய். உன் கதையில் நீர்நாய்க்கும் மரியாதை உண்டு. அம்மா கூண்டின் பின்பக்கத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்களாம். ஆனால் தண்ணீர் கலங்கலாக இருந்ததால் வழி தவறிவிட்டார்களாம். குட்டி கரையை விட்டு நகராமல் அதே இடத்தில் இருந்ததாம். அலை ஏறித் தண்ணீர் கரையைத் தொட்டதும் அம்மா வந்துவிட்டார்களாம். "அது மட்டும் வேற எங்கயாச்சும் போயிருந்தா, அம்மா வந்து தேடி ஏமாந்து போயிருப்பாங்க" என்றாய். பின்னலை இறுக்கி முடிச்சுப் போட்டாய். எனக்குப் பயம் போய்விட்டது.

இத்தனை வருடமும் எனக்கு அந்தப் படம் பாதி சீடி, பாதி உன் குரல். அதே கதையை நீ யாழினிக்கும் சொன்னாய். நான் தெங்கேராவில் அறை எடுத்துத் தங்க ஆரம்பித்த பிறகு, சனிக்கிழமைகளில் உன் வீட்டுக்கு வரும்போது கேட்டிருக்கிறேன். அலை ஏறும் இடத்தில் நீ குரலைத் தாழ்த்துவாய். அவள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பாள்.

ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது, அவளிடம் என்ன சொல்வது என்று உன்னைக் கேட்டேன். "நானே சொல்லிக்கிறேன், நீங்க யாரும் வாயத் தொறக்காதீங்க" என்றாய். சொல்லத்தான் இருந்தாய் என்று நம்புகிறேன். அடுத்த நாள் உன் வாயில் குழாய் இருந்தது.

பிறகு வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். எல்லார் வாயிலும் ஒரே சொல்தான். யாழினியோட அம்மா தவறிட்டாங்க. கைப்பேசியில், வாசலில், கூடாரத்துக்கு நாற்காலி இறக்கியவர்களிடம், அவள் பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியை பிள்ளைகளிடம். செத்துப்போனாள் என்ற சொல்லை நம் ஆட்கள் பிள்ளைகள் காதுபடச் சொல்ல மாட்டார்கள். இறந்துட்டாங்க என்பதுகூட அன்று யாருக்கும் வரவில்லை. அந்தச் சொல்லின் மென்மையில் நானும் ஒதுங்கிக்கொண்டேன். அவளுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரியும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. உன் கதையில் கேட்டிருக்கிறாள்.

மாமாவுக்கு ஜொகூருக்கு வேலை மாற்றலானபோதுதான் அது வெளியே வந்தது. வீட்டைக் காலி செய்து போக வேண்டும் என்றதும் யாழினி தன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். மாமா கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், புது வீட்டில் பூனை வாங்கித் தருகிறேன் என்றார். மசியவில்லை. என்னை வரச் சொன்னார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எதற்காக வரமாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள்.

"நாம போயிட்டா அம்மா எப்படிக் கண்டுபிடிப்பாங்க? தவறிட்டாங்கதானே? நீர்நாய்க் குட்டி அங்கயேதானே இருந்துச்சு?"

அக்கா, எங்களுக்குத்தான் தெரியவில்லை. அத்தனை மாதமும் அவள் அழாததைப் பார்த்து, பிள்ளை தேறிவிட்டாள் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் தேறவில்லை. காத்திருந்தாள். வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பது விளையாட்டு என்று நினைத்திருந்தோம்.

அந்தப் படத்தை எடுத்துத் தரச் சொன்னாள். அலை ஏறும் இடத்தைப் பார்க்க வேண்டுமாம். இணையத்தில் தேடினேன், கிடைத்தது. எல்லா வயதினருக்கும் ஏற்றது என்று போட்டிருந்தது. நியாயம்தான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. தணிக்கை செய்பவர்கள் தேடுவது எதுவும் அதில் இல்லை. முதலில் நான் மட்டும் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டாவது பாதியைப் பார்த்தேன்.

அலையே ஏறவில்லை, அக்கா. குட்டி கரையில் காத்திருக்கிறது. கூண்டு வைத்தவன் வந்து கூண்டைத் தூக்குகிறான். அதற்குள் தாய் அசையாமல் கிடக்கிறது. அவன் அதைப் புல்லில் கொட்டிவிட்டுக் கூண்டை மறுபடி இறக்குகிறான். குட்டி வந்து முகர்ந்து பார்க்கிறது. வெயில் ஏறுகிறது. பிறகு தனியாக நடந்து கடலுக்குப் போய்ச் சேருகிறது. படம் முடிந்துவிட்டது. ஆறாம் ஆண்டுப் பிள்ளையாக, யாரும் இல்லாத வீட்டில் இதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நீ எனக்குத் தலை பின்னியிருக்கிறாய். அழுதிருந்தாயா? நான் கவனிக்கவில்லை.

குழந்தைகள் கதைகளில் வரும் பயத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஓநாய் விழுங்கினால்தான் பிள்ளைக்குக் காட்டைத் தெரியும் என்பார்கள். கதைக்குள் செத்துப் பழகினால் வெளியே தாங்கிக்கொள்ளும் என்பார்கள். எழுதியவர்கள் எல்லாம் பிள்ளை பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு, "அவ நம்புறதுல நமக்கு என்னா போச்சு?" என்றார். அவரும் பாதி நம்பிக்கொண்டிருந்தாரோ என்று அப்போது தோன்றியது. வீடு மாறியே ஆக வேண்டும், கட்டிலோடு சேர்த்தா தூக்கிப் போவீர்கள் என்று கேட்டேன். "என்னால முடியாது. நீயே பாத்துக்க" என்று சொல்லி, கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நீ சொன்னதில் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. முழுசாப் பார்த்தால் பயம் போகும் என்று வாதாடியவளும் நீ. முழுசாகப் பார்த்துவிட்டு முடிவை மாற்றிச் சொன்னவளும் நீ. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாழினியை மடியில் சாய்த்துக்கொண்டு படத்தைப் போட்டேன்.

அவள் அலறவில்லை. கூண்டைத் தூக்கும் இடத்தில் என் விரலைப் பிடித்தாள், அவ்வளவுதான். முடிந்ததும் என்னைப் பார்த்து, "இது வேற படம் சித்தி. நீங்க தப்பா எடுத்துட்டீங்க" என்றாள். சரியானதைத் தேடச் சொன்னாள். தேடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் போயிருக்கும்.

"இதுதான் படம், யாழி. அம்மா உனக்காக மாத்திச் சொன்னாங்க. அம்மா வழி தவறல. அம்மா செத்துப்போயிட்டாங்க."

நம் குடும்பத்தில் உன்னைப் பற்றி அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் முறை. என் காதுக்கே அது வசவுபோல் கேட்டது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அம்மாவுக்கு இந்த முடிவு தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அப்புறம் ஏன் மாத்தினாங்க?"

அவள் பயந்துவிடக் கூடாதே என்றுதான் நீ மாற்றினாய் என்று ஏதோ சொன்னேன்.

"இப்ப மட்டும் பயமா இல்லையா?"

அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் கைகள் அவள் மடியிலேயே இருந்தன. நான் அழுதேன். அவள் அழவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். குடித்த கோப்பையைக் கழுவி வைத்தாள். அதற்கு முன் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

பயம் போனதா என்று எனக்குத் தெரியாது. வேறு எல்லாம் போய்விட்டது. வாசலில் கார் நின்றால் எழுந்திருப்பதில்லை. கதை கேட்பதில்லை. மாமா மறுபடி ஜொகூர் பேச்சை எடுக்கத் தயங்கியபோது, அவளே வந்து தன் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். எப்போது கிளம்பலாம் என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"எப்ப வேணும்னாலும் போலாம்பா. எங்க வேணும்னாலும் போலாம்."

பிடிவாதம் தீர்ந்தது என்று மாமா எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை நான் எங்கே வைப்பது?

அடுத்த வாரம் அவர்கள் போகிறார்கள். படம் குழந்தைகளுக்கு ஏற்றதா என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அதில் பொய் எதுவும் இல்லை என்று மட்டும் சொல்வேன். நீ பின்னலோடு சேர்த்து எனக்குக் கொடுத்த முடிவு இப்போது உலகத்தில் என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்க ஒரு பிள்ளை இருந்தாள், இனி அவள் கேட்கமாட்டாள். பேருந்தில் போகும்போது சில சமயம் எனக்கு நானே அதைச் சொல்லிப் பார்க்கிறேன். தண்ணீர் கலங்குகிறது, அம்மா வழி தவறுகிறார்கள், குட்டி கரையில் இருக்கிறது. அலை ஏறும் இடம் வந்ததும், நீ செய்வதுபோல் குரலைத் தாழ்த்துகிறேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை, அக்கா.