திங்கட்கிழமை எண்ணிய வண்டிகள்

அனுப்புநர்
லி. ஆறுச்சாமி,
பார வண்டி ஓட்டுபவர்,
வேலம்பாளையம், திருப்பூர்.

பெறுநர்
உயர்திரு தனி அலுவலர் அவர்கள்,
ரயில்வே கேட் மேம்பாலத் திட்டம்,
திருப்பூர்.

பொருள்: மேம்பாலம் திறந்ததும் ரயில்வே கேட்டை நிரந்தரமாக மூடுவது – மாட்டு வண்டியே இல்லையென்று கணக்கெடுத்தது – மறுபடி எண்ணக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்திரண்டு வருடமாக கூட்ஸ் ஷெட்டில் நூல் மூட்டை ஏற்றி, கேட்டைத் தாண்டி பனியன் கம்பெனிகளில் இறக்கி வருகிறேன். கேட் மூடினால் என் மாடுகள் தாமே நின்று அசைபோடும். ஆரன் அடிக்கும் பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இது மனுவுக்குத் தேவையில்லை என்று எழுதுகிறவர் சொல்கிறார்.

2. பாலம் வருவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அதற்காகக் கேட்டோரம் பதினாறு கடைகளை இடித்தார்கள். அதில் ஒன்று என் மாடுகளுக்கு லாடம் கட்டிய வேலுமணியின் கடை. அவர் வெள்ளகோவிலுக்குப் போய்விட்டார். அப்போதும் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

3. சென்ற வாரம் கேட்டில் பலகை வைத்தார்கள். மாட்டு வண்டிப் போக்குவரத்து இல்லாததால் கேட் நிரந்தரமாக மூடப்படும் என்று அதில் இருப்பதைப் படித்துச் சொன்னார்கள். அப்போது என் வண்டி அங்கேதான் நின்றது. பின்னால் பதினொரு வண்டிகள் நின்றன.

4. விசாரித்ததில், கணக்கெடுத்தது ஜூன் 17ஆம் தேதி. அன்று திங்கட்கிழமை. எங்களில் யாரும் திங்கட்கிழமை மாட்டின் கழுத்தில் நுகம் வைப்பதில்லை. சிவன் ஏறும் காளைக்கு அன்று ஓய்வு.

5. இதில் என் தவறும் உண்டு. எண்ண வந்தவர் வெயிலில் நின்றார். எனக்கு வேலை இல்லாததால் நான்கு தடவை மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஏனுங்க பெரியவரே, இந்த ஊர்ல மாட்டு வண்டியே இல்லீங்களா?" என்றார். "இன்னைக்கு வராதுங்க" என்றேன். "ஏனுங்க?" என்றார். என் மாமனார் கணியூரில் காளை வாங்கியதிலிருந்து ஆரம்பித்தேன். திங்கட்கிழமைக்கு வந்து சேர்வதற்குள் மணி ஆறாகி, அவர் நோட்டை மூடிவிட்டார். மோருக்காக நான் கேட்டைப் போகவும் வரவும் தாண்டியது, நடந்து சென்றோர் எட்டு என்று பதிவாகியிருக்கிறது.

6. பலகையைக் கேட்டபின், மேஸ்திரி அனுமதியோடு பாலத்தில் பாரம் ஏற்றிப் பார்த்தேன். பாதி ஏற்றத்தில் இடப்பக்கத்து மாடு முழங்கால் போட்டது. வண்டி பின்னால் உருண்டது. கூட வண்டி ஓட்டும் சென்னிமலை சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். "மாட்ட வித்துப்போட்டு ரெண்டு பேரும் கம்பெனியில மூட்டை தூக்கலாம், வாங்க மாமா. நம்மளுக்கு லாடம் கூட வேண்டாம்" என்றார். மறுநாள் புதன்கிழமை. நான் வண்டி பூட்டவில்லை. திங்கள் அல்லாத ஒரு நாளில் சும்மா இருந்தது அதுவே முதல் தடவை.

ஆகவே ஐயா அவர்கள், கேட்டை மூடும் முன், செவ்வாய் முதல் ஞாயிறுக்குள் ஏதாவது ஒரு நாள் எண்ணுவதற்கு ஆள் அனுப்பும்படி வேண்டுகிறேன். மோர் கொடுப்போம். நான் பேச மாட்டேன். என்னை விசாரணைக்கு அழைப்பதானால் மட்டும் திங்கட்கிழமையாக இருக்கட்டும். மற்ற நாட்களில் நான் கேட்டில் இருப்பேன்.

இடம்: திருப்பூர்
நாள்: 12.8.1968, திங்கட்கிழமை

தங்கள் ஆளை எதிர்பார்க்கும்,
லி. ஆறுச்சாமி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

சொல்லச் சொல்ல எழுதியது: ரத்தினசாமி